முந்நூற்று நாலும் மந்திர விதிகளும்

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் தெருவில் இறங்கி விளையாடத் தொடங்கியதும் கற்றுக்கொள்ளும் சொற்களில் ஒன்று ‘அலாப்புதல்’. தமிழகத்து நண்பர்களுக்கு இச்சொல்லைப் புரியவைப்பது சற்றுக் கடினம். களவு வேறு, ஏமாற்று வேறு, அலாப்புதல் வேறு. கிளித்தட்டில் கை பட்டபின்னும் ‘படவில்லை’ என்று நிற்பவன் அலாப்புகிறான். கோடு எங்கே முடிகிறது என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாதபோது, தனக்கு வசதியான இடத்தில் கோட்டை முடித்துக்கொள்பவனும் அலாப்புகிறான். இவர்களில் இரண்டாமவனே ஆபத்தானவன். முதலாமவன் சொல்வது பொய் என்பது அவனுக்கே தெரியும். இரண்டாமவனோ விதியை வாசிக்கிறான். தான் நேர்மையாக நடப்பதாகவே நம்பவும் செய்கிறான்.

இந்த இரண்டாமவனைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறேன். அவனை நான் அதிகம் கண்டது கிளித்தட்டு மறிக்கும் ஒழுங்கையில் அன்று. முந்நூற்று நாலு ஆடும் பாயில்.

முந்நூற்று நாலு அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். நால்வர் ஆடும் கடதாசி ஆட்டம் இது. எதிரெதிரே அமர்ந்திருப்போர் இருவர் இருவராகக் கூட்டு. 52 தாள்களில் 32 மட்டுமே எடுக்கப்படும். ஆளுக்கு எட்டு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓரினத்துக்கு 76 ஆக, நான்கு இனங்களுக்கும் சேர்த்து 304. இராசாவையும் ஏசையும் கீழே தள்ளிவிட்டு ஜாக்கும் ஒன்பதும் மேலேறி அமரும் இவ்வினோத வரிசை ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் ஆட்டத்தின் துரும்பிலும் உண்டு. சுவிற்சர்லாந்தின் யாஸ் ஆட்டத்திலும் உண்டு. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் கந்தோரையும் போஞ்சியையும் லாச்சியையும் விட்டுச் சென்றதுபோல இதையும் விட்டுச் சென்றிருக்க வேண்டும். பழையவர்கள் கலாவரை, உருவித்தன், ஆடுத்தன், இஸ்கோப்பன் என்று இனங்களைச் சொல்லக் கேட்டவர்களுக்கு இதில் ஐயம் எழாது.

இந்த ஆட்டத்தின் உயிர் ஒரு கவிழ்த்த தாளில் இருக்கிறது. கேள்வியை வென்றவர் தமது துரும்பைத் தெரிந்து, அவ்வினத்துத் தாள் ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். எந்த இனம் துரும்பு என்பது எதிராளிகளுக்குத் தெரியாது. அவருடைய கூட்டாளிக்கும் தெரியாது. இறக்கப்பட்ட இனம் கையில் இல்லாதவர் ஏதேனும் ஒரு தாளைக் கவிழ்த்துப் போடுவார். பிடி முடிந்ததும், துரும்பு வைத்தவர் அக்கவிழ்த்த தாளை எடுத்துத் தாம் மட்டும் பார்ப்பார். துரும்பாயின் எல்லோருக்கும் காட்டித் துரும்பையும் திறக்க வேண்டும். துரும்பு இல்லையாயின் அது கவிழ்ந்தபடியே போய்விடும். வேறெவரும் அதைக் காண்பதில்லை.

இதைச் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். பந்தயத்தில் பங்குள்ள ஒருவர், தமக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ அமையக்கூடிய சான்றைத் தனியே பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். வழக்காளியும் அவரே, நீதவானும் அவரே. உலகில் எந்த நீதிமன்றமும் ஏற்காத ஏற்பாடு இது. ஆயினும் வாசிகசாலைத் திண்ணைகளிலும் கோயில் மடங்களிலும் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. அதில் பொய் சொன்னவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஆட்டம் முடிந்தபின் பிடிகளைத் திருப்பிப் பார்க்கலாம் என்ற அச்சம் ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிடப் பெரிய காரணம், அவ்விடத்தில் விதி தெளிவாக இருப்பது. துரும்பு என்றால் துரும்பு. வாசிப்புக்கு அங்கே இடமில்லை.

வாசிப்புக்கு இடமுள்ள விதியில்தான் தகராறு. எட்டுப் பிடியையும் ஒரு தரப்பே எடுப்பதைக் ‘கப்ஸ்’ என்பர். ஊருக்கு ஊர் வேறு பெயரும் உண்டு. அதை எடுத்தால் மட்டும் போதாது. எல்லாப் பிடியும் தமக்கே என்று உறுதியாகத் தெரிந்தவர், தெரிந்த கணத்திலேயே அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிழையாகச் சொன்னால் தண்டம். தெரிந்தும் சொல்லாதிருந்தால் அதற்கும் தண்டம். ‘தெரிந்த கணம்’ எது? அதை யார் தீர்மானிப்பது? மற்றொருவன் மனத்துக்குள் ஓர் அறிவு எப்போது புகுந்தது என்பதைக் கேட்கும் விதி இது. கடதாசி ஆட்டங்களில் இதற்கு இணையான நுட்பமுடைய விதி வேறு உண்டா என எனக்கு ஐயமே.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்குள் நெருக்குண்டபோது, ஊருக்கு ஊர் மாறுபட்ட ஆட்டவிதிகளும் மூட்டை முடிச்சுகளோடு பெயர்ந்து வந்தன. அதுவரை ஒவ்வொரு சனசமூக நிலையமும் தனக்குத் தனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தது. முதல் நான்கு தாளும் வெறுந்தாளாய் வந்தால் மறுபடி பங்கிடக் கேட்கலாமா, கூட்டாளி கேட்டதன்மேல் தானும் கேட்பதற்கு எவ்வளவு ஏற வேண்டும் என்பன போன்றவை அவரவர் ஊரில் ஐயமற்ற சட்டங்கள். பாடசாலை மண்டபமொன்றில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் நான்கு ஊரார் ஒரே பாயில் அமர்ந்தபோதுதான், அவையெல்லாம் வெறும் ஊர்வழக்கம் என்பது அவர்களுக்குத் தெரியவந்தது. ஷெல் சத்தத்துக்கு எழும்பாதவர்கள் கப்ஸுக்கு எழும்பி நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அங்கு நடந்த வழக்கொன்று இன்றும் நினைவில் நிற்கிறது. ஆடுத்தன் துரும்பு. நான்காம் பிடியில் அது திறக்கப்பட்டுவிட்டது. ஐந்து பிடிகளையும் கேட்ட தரப்பே எடுத்திருந்தது. ஐந்தாவதை எடுத்தவர் துரும்பு வைத்தவரின் கூட்டாளி. இருபது வயதைத் தாண்டாத இளைஞர். அவர் கையில் மூன்று தாள்கள்: எஞ்சியிருந்த துரும்புகள் இரண்டும், கலாவரை எட்டும். துரும்புகளை இறக்கினார், எடுத்தார். கடைசியாகக் கலாவரை எட்டை இறக்கினார், அதுவும் நின்றது. எட்டுப் பிடியும் வந்துவிட்டன. கப்ஸ் மட்டும் சொல்லப்படவில்லை.

எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது. “துரும்பு முழுக்க உம்மட்ட. கலாவரையில உம்மட எட்டைத் தவிர வேற தாளே இல்லை. அஞ்சாம் பிடியிலயே சொல்லியிருக்க வேணும். தண்டத்தை வையும்!” கேட்போருக்கு நியாயமாகவே பட்டது. சொன்னவர் ஊரில் மதிப்புள்ள மனிதர். இளைஞர் தலையைக் குனிந்துகொண்டு கற்களை எண்ணத் தொடங்கிவிட்டார்.

அருகிலிருந்த முதியவர் ஒருவர், கோட்டில் முதலியாராக இருந்து ஓய்வுபெற்றவர், “பொறும் தம்பி” என்றார். பிடிகளை ஒழுங்காக ஒவ்வொன்றாக விரிக்கச் செய்தார். ஐந்து பிடிகளிலும் கலாவரை ஜாக், ஒன்பது, ஏசு, பத்து, இராசா, ஏழு ஆகிய ஆறும் முகம் காட்டியிருந்தன. இராணியைக் காணவில்லை. மூன்றாம் பிடியில், உருவித்தன் இல்லாத எதிராளி ஒருவர் கவிழ்த்துப் போட்ட தாளே அந்த இராணி. துரும்பு வைத்தவர் அதைப் பார்த்தார். துரும்பு இல்லையாதலால் அப்படியே போய்விட்டது. ஆகவே இராணி போய்விட்டது அவருக்குத் தெரியும். கலாவரை எட்டு தமது கூட்டாளியிடம் இருப்பது தெரியாது. இளைஞருக்கோ தமது எட்டு தெரியும். இராணி எங்கே என்பது தெரியாது. இருவரது அறிவையும் கூட்டினால் கப்ஸ் உறுதி. ஆனால் கூட்டாளிகள் பேசிக்கொள்ளக் கூடாது என்பதும் விதிதானே? தனித்தனியே ஒருவருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லவில்லை என்று தண்டிப்பதெப்படி?

தண்டம் இல்லை என்று முடிந்தது. எதிர்த்தரப்பும் முணுமுணுத்தபடி ஏற்றுக்கொண்டது. எனக்கு அப்போதே உறைத்த விடயம் வேறொன்று. குற்றம் சாட்டியவர் அலாப்பும் நோக்கத்தோடு பேசவில்லை. அந்த இராணியைக் கவிழ்த்துப் போட்டவர் அவரே. அது போய்விட்டது என்பது அவருக்குப் பட்டப்பகல்போல் வெளிச்சம். தமக்கு வெளிச்சமானது எதிரே இருப்பவருக்கும் வெளிச்சமாயிருக்கும் என்று எண்ணிவிட்டார். அத்தோடு, பெரிய மனிதர் ஒருவர் உறுதியான குரலில் விதி சொன்னால், சரியாக ஆடிய சிறியவனுக்கும் தான் பிழைவிட்டதாகவே தோன்றிவிடுகிறது. முதலியார் அங்கே இல்லாதிருந்தால் கற்கள் கைமாறியிருக்கும்.

இவ்வளவும் இன்று நினைவுக்கு வரக் காரணம் கனடாவிலிருக்கும் என் தம்பியின் பேத்தி. ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த பதினாறு வயதுப் பெண். மைத்துனர்களையும் தோழிகளையும் மேசையைச் சுற்றி இருத்தி ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தை நடத்துகிறாள். அமெரிக்காவின் கேரி கைகக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட ஆட்டம் அது. ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாத்திரமேற்பர். ஒருவர் மட்டும் நடத்துநராக இருந்து கதையின் உலகையும் அதிலுள்ள அரக்கர்களையும் பகைவர்களையும் இயக்குவார். என்ன நடக்கிறதென்பதை வாயால் சொல்லியும் பகடை உருட்டியும் தீர்மானிப்பர். நமது கூத்தையும் தாயத்தையும் ஒன்றாகக் குழைத்தது போன்றது எனலாம். ‘விசர் விளையாட்டு’ என்று அவளுடைய தகப்பனார் கூறுகிறார். முந்நூற்று நாலு ஆடி விடியவிடிய விழித்த பரம்பரையில் வந்தவர் அப்படிச் சொல்ல என்ன தகுதி இருக்கிறதோ தெரியவில்லை.

அவளுக்கு வந்த தகராறு இது. அந்த ஆட்டத்தில் நீரை உண்டாக்கும் மந்திரம் ஒன்றுண்டு. மிகச் சிறிய மந்திரம். தாகம் தீர்க்கவும் நெருப்பணைக்கவும் உதவுவது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, எட்டக்கூடிய தூரத்தில் உள்ள ‘திறந்த கொள்கலம்’ ஒன்றில் பத்து கலன் வரை நல்ல நீரை உண்டாக்கலாம். ஏறக்குறைய 38 லீற்றர். மைத்துனன் ஒருவன் எழுந்து, “அரக்கனின் நெஞ்சுக்குள் இருக்கும் நுரையீரலும் கொள்கலந்தானே? வாய் திறந்துதானே இருக்கிறது? அதற்குள் நீரை உண்டாக்குகிறேன், அவன் மூழ்கிச் சாகட்டும்” என்றானாம். எழுத்தைப் பிடித்து வாதாடினான். மற்றப் பிள்ளைகள் கைதட்டினார்கள். இவள் திகைத்துப்போய் எனக்கு வட்சப்பில் எழுதினாள்: “அப்பப்பா, விதியில் ‘கூடாது’ என்று எழுதவில்லை. நான் என்ன சொல்ல?”

விசாரித்துப் பார்த்தால், இவ்வழக்கு உலகெங்கும் அந்த ஆட்டத்தை ஆடுவோரிடையே பெயர்பெற்ற பழைய வழக்கு. 2003ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்குத் தெளிவாகவே கதவடைத்திருந்தது. பொருளை வரவழைக்கும் மந்திரங்கள் உயிரினத்தின் உடலுக்குள் எதையும் உண்டாக்க மாட்டா என்று அம்மந்திரத்தின் கீழேயே குறிப்பிருந்தது. 2014இல் நூலைச் சுருக்கி எழுதியபோது அவ்வரி உதிர்ந்தது; வழக்கு உயிர்த்தெழுந்தது. அந்த ஆட்டக்காரருக்கென வெளிவந்த ‘டிராகன்’ இதழில் இத்தகைய ஐயங்களுக்கு விடையளிக்கவே 1970களின் இறுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் ஒரு பகுதி வந்தது. 2015இல் அதே தலைப்பில் மீண்டும் விடையளிக்கத் தொடங்கிய ஜெரமி குரோபோர்ட், விதியை மூன்று விதமாக நோக்கலாம் என்று பிரித்துக் காட்டினார். எழுத்தில் உள்ளது ஒன்று. எழுதியவர் கருதியது ஒன்று. ஆடுவோருக்கு இன்பம் தருவது ஒன்று. நல்ல பகுப்புத்தான். ஆயினும் மூன்றும் மூன்று திசையில் இழுக்கும்போது எதைப் பற்றுவது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

நான் அவளுக்கு எழுதியது ஒரேயொரு யோசனை. அந்த மைத்துனனிடம், ‘ஒப்புக்கொள்கிறேன், நுரையீரல் கொள்கலமே. ஆனால் நாளை அரக்கர்களின் பூசாரி உன் நுரையீரலுக்குள் அதே மந்திரத்தை ஏவுவான். அதற்கும் உடன்படுகிறாயா?’ என்று கேள் என்றேன். கேட்டாள். பையன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, கொள்கலம் என்றால் குடம், வாளி போன்றவைதாம் என்று தானே தீர்ப்பளித்துக்கொண்டானாம்.

இதனை வெறும் மடக்குக் கேள்வியாக நான் கருதவில்லை. நடத்துநராக இருப்பவர் நடுவர் மட்டுமல்லர். அரக்கர்களை ஆடுபவரும் அவரே. முந்நூற்று நாலில் கவிழ்த்த தாளைத் தனியே பார்க்கும் துரும்புக்காரரின் இருப்புத்தான் அவருடையதும். பங்குள்ளவர் தீர்ப்புச் சொல்லும் இடங்களில் எல்லாம், தாள் எதிராளி கைக்கு மாறினாலும் இதே தீர்ப்பைச் சொல்வேனா என்ற கேள்வியைத் தவிர வேறு பிணை நமக்கு இல்லை. நுரையீரல் வாதத்தை நடத்துநர் வீரர்களுக்கு மட்டும் அனுமதித்தால் அது சலுகை. அரக்கர்களுக்கு மட்டும் அனுமதித்தால் அது கொடுங்கோல். இரு பக்கமும் அனுமதித்தால், தாகம் தீர்க்க வைத்த மந்திரமே ஆட்டத்தின் மிகக் கொடிய ஆயுதமாகிவிடும். பிறகு பெரிய மந்திரங்களை எவர் தேடிக் கற்பார்? தீர்ப்பின் விளைவை அந்த நுனிவரை நடந்து பார்த்தால் எழுதியவர் கருதியது எதுவென்பது தானே தெரிந்துவிடுகிறது.

‘விதியில் இல்லாத தடையை நடத்துநர் புகுத்தலாமா? புத்திசாலித்தனத்துக்குப் பரிசில்லையா?’ என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. எழுத்துக்கு முதன்மை கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. எழுத்தைப் புறந்தள்ளிவிட்டு ‘பொதுப்புத்தி’ என்று தொடங்குபவரை நான் நம்புவதில்லை. பாயில் யாருடைய குரல் பெரிதோ அவருடைய புத்தியே அங்கே பொதுப்புத்தியாகிவிடும். ஆனால் ‘கொள்கலம்’ என்ற சொல்லும் எழுத்தில் உள்ளதே. அதைக் கேட்டவுடன் எவருக்கும் மனத்தில் தோன்றும் பொருளை விட்டு, வென்றேயாக வேண்டிய கணத்தில் மட்டும் தோன்றும் பொருளைப் பிடிப்பதைப் புத்திசாலித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குத்தான் யாழ்ப்பாணத்தில் வேறு சொல் இருக்கிறதே. சரி, பையனின் கற்பனையை முற்றாக விரட்ட வேண்டுமா? வேண்டியதில்லை. அரக்கனின் முகத்தில் வாளி நீரை ஊற்றி ஒரு கணம் திணறவைக்கலாம் என்று அவள் அனுமதித்ததாக எழுதியிருந்தாள். அந்த அளவு எனக்கும் சம்மதமே.

எனக்குச் சம்மதமில்லாதது ‘இந்த ஒருமுறை மட்டும்’ என்னும் தீர்ப்பு. இரக்கத்தால் சொல்லப்படும் இந்த வார்த்தை அநேகமாக வாயாடிகளுக்கே கிடைக்கிறது. கூச்சமுள்ள பிள்ளை ஒருமுறைகூடக் கேட்பதில்லை; கேட்டாலும் அவளுக்கு அடுத்தமுறை மறுக்கப்படும். சிறுவர்களுக்கோ புதியவர்களுக்கோ சலுகை கொடுப்பதானால் தாள் பங்கிடுமுன் எல்லோரும் கேட்கச் சொல்லிக் கொடுக்கலாம். தாள் விழுந்தபின் கொடுப்பது சலுகை அன்று, பக்கச்சார்பு. யாருக்கு நன்மை என்று தெரியாத வேளையில் பேசி முடித்த விதி எவ்வளவு மொட்டையாக இருந்தாலும், தெரிந்தபின் செதுக்கிய விதியைவிட நேர்மையானது.

விதிகளை எழுதிவைத்தால் போதாதா என்றால், எழுதிவைத்த அனுபவமும் நமக்கு இருக்கிறது. ஆள்பதி கோர்னேலிஸ் யோவான் சீமோன்ஸின் காலத்தில், கிளாஸ் ஈசாக்ஸ் என்ற ஒல்லாந்த திசாவை யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் திரட்டினார். அவை தமிழாக்கப்பட்டுப் பன்னிரு முதலிமாரின் பார்வைக்கு வைக்கப்பட்டு, 1707இல் தேசவழமை ஆயின. 1806இல் ஆங்கிலேயரும் அதனை ஏற்றனர். எழுதியதோடு வழக்குகள் ஓய்ந்தனவா? ‘தேடியதேட்டம்’ என்ற ஒரு சொல்லுக்கு 1911ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த வரைவிலக்கணத்தை வைத்து நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்காக வாதாடினர். ஈற்றில் 1947இல் வரைவிலக்கணத்தையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. கணவன் மனைவியருக்கிடையே சொத்து எப்படிச் சேரும் என்ற விடயம் அது. கல் வைத்து ஆடும் ஆட்டமன்று. எழுதாத விதி குரலுள்ளவன் பக்கம் சாய்கிறது, எழுதிய விதி வாசிக்கத் தெரிந்தவன் பக்கம் சாய்கிறது. ஆயினும் 1947இல் செய்தது ஒரு வகையில் நேரிய வழியே. விதி பொருந்தவில்லை என்றால் பகிரங்கமாகத் திருத்தி, இனிமேல் எல்லோருக்கும் இப்படி என்று சொல்லிவிட்டார்கள். அவரவர் வழக்குக்கு அவரவருக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டிருப்பதைவிட அது மேல்.

தம்பியின் பேத்தி இப்போது ஒரு அப்பியாசக் கொப்பி வைத்திருக்கிறாள். மேசையில் எழும் ஒவ்வொரு வழக்கையும் அதன் முடிவையும் திகதியிட்டு எழுதுகிறாள். ஆட்டம் தொடங்குமுன் எவரும் அதைப் புரட்டிப் பார்க்கலாம். ‘கொள்கலம்: உயிருள்ளவற்றின் உடல் அடங்காது, இரு தரப்புக்கும்’ என்பது முதற் பதிவு. ஆங்கிலத்தில்தான் எழுதுகிறாள், அது வேறு கவலை.

கோடை விடுமுறைக்கு வரும்போது முந்நூற்று நாலு பழக வேண்டும் என்கிறாள். கவிழ்த்த தாளைப் பற்றிச் சொன்னபோது அவள் கேட்ட முதற் கேள்வி, துரும்புக்காரரில் ஐயம் வந்தால் ஆட்டத்தின் நடுவிலேயே தாளைத் திருப்பிக் காட்டச் சொல்லலாமா என்பது. எட்டுப் பிடியும் முடிந்தபின்தான் திருப்பலாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வடமராட்சியிலும் தீவுப்பகுதியிலும் எப்படி என்று அறிந்த வாசகர்கள் எழுதினால், அவள் வந்து இறங்குமுன் கொப்பியில் ஏற்றிவிடலாம்.